உடன்பாட்டு மணவிலக்கும் எழுத்தின் இன்றியமையாமையும்

திருமணம் ஓர் ஒப்பந்தம் என்பது இஸ்லாமிய இல்லற நெறியின் அடிப்படை. ஒப்பந்தத்தால் இணைந்தோர் இணங்கி வாழ இயலாதபோது, ஒப்பந்தத்தாலேயே பிரியவும் அந்நெறி வழி வகுத்துள்ளது. குலாவும் முபாரத்தும் அத்தகையன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இவ்விரண்டையும் பெயர் சுட்டியே ஏற்கின்றது.

மனைவி விடுதலை வேண்டி, மஹரையோ பிற பொருளையோ கணவனுக்கு அளித்துப் பிரிவது குலா. ஸாபித் இப்னு கைஸ் அவர்களின் துணைவியார் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பியளித்து விடுதலை பெற்றமையை நபிமொழித் தொகுப்புகள் உரைக்கின்றன. இருவருமே பிரிவை விரும்பி, ஒருவர்மீது ஒருவருக்குள்ள உரிமைகளை விடுத்துப் பிரிவது முபாரத்.

உடன்படிக்கையில் சொல்லப்படாத உரிமைகள் என்னாகும்? இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்துப்படி, மணத்தால் எழுந்த உரிமைகள், கொடுபடாத மஹர் உட்பட, இருமுறைகளிலும் நீங்கிவிடும். அவர்தம் மாணவர் இமாம் முஹம்மத், வெளிப்படையாகக் கூறப்பட்டவை மட்டுமே நீங்கும் என்பர். மற்றொரு மாணவர் இமாம் அபூயூசுஃப், முபாரத்தில் ஆசிரியரின் கருத்தையும் குலாவில் இமாம் முஹம்மதின் கருத்தையும் ஒட்டி நிற்பர். ஒரே வழியினரிடத்தும் இத்துணை வேறுபாடு இருத்தலால், ஆவணத்தின் மௌனமே ஒரு பெண்ணின் மஹரைப் போக்கிவிடக்கூடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஆதலின் உடன்படிக்கையில் தெளிவுற எழுதத்தக்கவை சில உள: மஹர் கொடுபட்டதா, எஞ்சிய தொகை எவ்வளவு, பெண்ணுக்கு வந்த நகையும் சீர்ப்பொருளும் யாரிடம் உள்ளன, இத்தாக் காலச் செலவு எவ்வளவு, பின்வரும் வாழ்வுக்கு என்ன ஏற்பாடு, மக்கள் யாரிடம் வளர்வர், மற்றவர் அவர்களை எப்போது காண்பார், நாளும் சாட்சிகளும்.

மக்களின் வாழ்க்கைச் செலவு மட்டும் பெற்றோர் விட்டுக்கொடுக்கத்தக்கதன்று. அது மக்களுக்கே உரியது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம், மக்களைக் காக்கும் தந்தையின் கடமையை அகற்றவில்லை என 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடனையே எழுதி வைக்கப் பணிக்கிறது திருமறை (2:282). கொடுபடாத மஹரும் கடனே. எனவே ஜமாஅத்துப் பெரியோர், கையெழுத்து வாங்குமுன் உடன்படிக்கை முழுவதையும் இருவருக்கும் படித்துக் காட்டி, படி ஒன்றைப் பெண்ணின் கையிலும் அளித்தல் வேண்டும். பிரிவு தவிர்க்க இயலாததாகலாம். அதில் அநீதி தவிர்க்கத்தக்கதே.