நித்திய வழிபாடு

கென்யாவின் தலைநகரான நைரோபியில் 'ந்யும்பானி' என்றொரு குழந்தைகள் இல்லம் உள்ளது. சுவாஹிலி மொழியில் இச்சொல் 'வீட்டில்' என்று பொருள்படும். எச்.ஐ.வி. கிருமியுடன், பெற்றோரை இழந்தும் கைவிடப்பட்டும் நின்ற குழந்தைகளுக்காக இயேசு சபைத் துறவியும் மருத்துவருமான ஏஞ்சலோ டி'அகோஸ்டினோ, லொரேட்டோ சபைச் சகோதரி மேரி ஓவன்ஸின் துணையுடன் 1992-இல் இதனை நிறுவினார்.

ஆரம்ப ஆண்டுகளில் மரணத்தைத் தடுக்க வழியில்லை. குழந்தைகளை அன்புடன் அரவணைத்து வழியனுப்புவதே பெரும்பணியாக இருந்தது. பின்னர் கிருமியை அடக்கும் மருந்துகள் கிடைத்தன, குழந்தைகள் வளர்ந்தனர். பொதுப் பள்ளிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தபோது, இல்லம் நீதிமன்றத்தை நாடி 2004-இல் வழி திறந்தது.

சிறுசிறு குடில்களில், வளர்ப்புத் தாயரின் பராமரிப்பில் குழந்தைகள் வாழ்கின்றனர். பிரார்த்தனை, பள்ளி, விளையாட்டு ஆகியவற்றுடன் மருந்தும் அவர்களது நித்திய நியமம். அது அடிக்கடி தவறினால் கிருமி மருந்தையே எதிர்க்கும் வலிமை பெற்றுவிடும். கிறிஸ்துமஸ் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. மருந்து வேளையோ கிறிஸ்துமஸ் அன்றும் வருவது. விழாநாளில் குழந்தைகள் பாடி மகிழ்வதற்குப் பின்னால், வேளை தவறாத அந்தக் கைகளின் உழைப்பு இருக்கிறது.

ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்யுமாறு ஸ்ரீராமகிருஷ்ணர் போதித்தார். ராமகிருஷ்ண மடங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஏசுபிரானுக்கு ஆராதனை நடைபெறுகிறது. விழாநாளில் உள்ளம் உருகுவது எளிது. மறுநாள் காலையில், காண்பார் யாருமின்றி, அதே சிரத்தையுடன் ஒரு குழந்தைக்கு மருந்தூட்டுவதே கடினம். அந்த நித்திய சேவையால்தான் விழாவும் வழிபாடாகிறது.