கிணறு எது, எண் எதற்கு?

அன்புள்ள இனியா,

புவியியல் முடித்துவிட்டு எண்ணெய் நிறுவனம் ஒன்றின் தரவுப் பிரிவில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அடையாளப்படுத்தும் முறையைத் தரப்படுத்தவென்று இத்தனை காலமாகக் கூடிப் பேசுகிறார்களே, கிணற்றுக்கு ஓர் எண் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டால் தீராதா என்றும் கேட்டிருந்தாய். தீராது என்பதுதான் என் பதில். எண்ணுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. எதை ஒரு கிணறு என்று எண்ணுவது என்பதில்தான் நெடுங்காலம் உடன்பாடு இல்லை. அதோடு, கொடுத்த எண்ணைப் பெயராக மட்டும் இருக்க விடாமல் இடம், ஆழம், வரலாறு எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார்கள். குழப்பம் வந்தது இந்த இரண்டினாலும்தான்.

மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றை எடுத்துக்கொள். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் ரிக்கில் 11 பேரைப் பலிகொண்ட கிணறு. செய்தித்தாளுக்கு அது ஒரே கிணறு. அதன் பதிவேடுகளைப் புரட்டுகிறவனுக்கு அப்படி இல்லை. 2009 அக்டோபரில் வேறொரு ரிக் தொடங்கிவைத்த துளை அது. 2010 மார்ச் 8 அன்று சுமார் 13,300 அடி ஆழத்தில் பாறையிலிருந்து திரவமும் வாயுவும் உள்ளே புகுந்தன. துளையிடும் குழாய் சிக்கிக்கொண்டது. சிக்கிய பகுதியை வெட்டி அடியிலேயே விட்டுவிட்டு, அதற்கு மேலே ஓரிடத்திலிருந்து பக்கவாட்டில் விலகிப் புதிய துளை போட்டு இறங்கினார்கள். எண்ணெய் இருந்த பாறையை எட்டியதும் ஏப்ரலில் வெடித்ததும் இந்த இரண்டாவது துளை. கடல் தரையில் வாய் ஒன்று, அடியில் துளை இரண்டு. மக்கோண்டோவில் 13,000 அடியில் துளைச்சேறு எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று யாராவது கேட்டால், எந்தத் துளையில் என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. விபத்தை ஆராய்கிறவர்களுக்கு இது வெறும் நுணுக்கமாக இருக்க முடியுமா?

இந்த வேறுபாட்டுக்கு அமெரிக்க எண்முறையில் இடம் உண்டு. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் 1960களில் வகுத்த முறை அது. சுருக்கமாக ஏபிஐ எண் என்பார்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: டெக்சஸுக்கு 42, கலிபோர்னியாவுக்கு 04. அடுத்த மூன்று கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்றது. அதற்கடுத்த ஐந்து அந்தக் கவுண்டிக்குள் கிணற்றின் தனி எண். இந்தப் பத்தும் சேர்ந்தால் கிணறு. பதினொன்றும் பன்னிரண்டும் துளையைக் குறிக்கும்: மக்கோண்டோவின் முதல் துளைக்கு 00, விலகிப்போன துளைக்கு 01. கடைசி இரண்டு இலக்கம், அதே துளையில் பின்னால் நடந்த வேலைகளுக்கு; ஒரு பாறையடுக்கை மூடிவிட்டு மேலே இன்னொன்றைத் திறப்பது போன்றவை. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் இந்தக் கடைசி நான்கு இலக்கத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் கையாண்டது. பெட்ரோலியத் தரவுத் துறையினருக்கான, கால்கரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிபிடிஎம் சங்கம் 2010இல் இந்த எண்முறையின் பொறுப்பை ஏற்றது. கிணறு என்றால் என்ன, அதன் தொடக்கப்புள்ளி எது, துளை எது, துளைக்குள் எண்ணெய் நுழையும்படி திறந்துவிட்ட பகுதி எது என்று அந்தச் சங்கம் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. படிக்க அலுப்பூட்டும் ஆவணம் அது. நீ கட்டாயம் படிக்க வேண்டியதும் அதுதான்.

இனி எண்ணைப் பேசவைத்த கதைக்கு வருகிறேன். கனடாவின் மேற்கு மாகாணங்களில் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட அவர்களுடைய கிணற்று அடையாளம் இந்தச் சதுரங்களின் எண்களால் ஆனது. ஏறக்குறைய 400 மீட்டருக்கு 400 மீட்டர் அளவுள்ள எந்தச் சதுரத்தில் கிணறு இருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காட்டும் இடம் தரையிலுள்ள வாய் அல்ல, துளையின் அடி. துளைத்து முடித்த பிறகு அடி பக்கத்துச் சதுரத்தில் போய் நின்றால் அடையாளமே மாறிவிடும். செங்குத்துக் கிணறுகளின் காலத்தில் இது எப்போதாவது வரும் தொல்லை. கிடைமட்டமாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, பல கிளைகளாகப் பிரியும் கிணறுகள் வந்தபின் அன்றாடத் தொல்லையாகிவிட்டது: ஒரே கிணறு, கிளைக்கொரு அடையாளம். அவற்றை ஒன்றாகக் கட்டிவைக்க ஆல்பர்ட்டாவில் கைகொடுப்பது உரிம எண். அந்த எண்ணுக்கு இடமும் தெரியாது, ஆழமும் தெரியாது. அதனாலேயே அது மாறுவதில்லை.

ஏபிஐ எண்ணிலும் கவுண்டிக் குறியீடு இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது, அங்கேயும் அதே வம்புதான். கொலராடோவில் நான்கு கவுண்டிகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து 2001இல் ப்ரூம்ஃபீல்ட் என்ற புதுக் கவுண்டியை உண்டாக்கினார்கள். அந்த மண்ணில் அதற்குமுன் தோண்டிய கிணற்றின் எண்ணை மாற்றினால் பழைய ஆவணங்களோடு தொடர்பு அறும். மாற்றாவிட்டால் எண் தவறான கவுண்டியைச் சொல்லும். மாற்றாமல் விடுவதே சரி என்பேன். டிஎன் 37 என்று கோவையில் பதிவான வண்டி சென்னையில் ஓடினால் எண்பலகை பொய் சொல்கிறது என்று யாரும் குறைப்படுவதில்லையே! எங்கே பதிவானது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வண்டி இன்று நிற்கும் இடத்தை அதில் தேடுகிறவன் மேல்தான் பிழை.

எண் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதை அனுபவசாலிகள் எளிதில் ஒப்ப மாட்டார்கள். பார்த்தவுடன் பொருள் புரிகிற எண்ணை விட்டுவிட்டு ஊமை எண்ணைக் கையில் கொடுத்தால் ரிக்கில் நிற்பவன் தட்டச்சுத் தவறு செய்வான், அந்தத் தவறு யார் கண்ணிலும் படாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மனிதர்கள் பேசிக்கொள்ளப் பொருளுள்ள பெயர் வேண்டும். அந்தப் பெயரே தரவுத்தளத்தின் சாவியாகவும் இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் மறுக்கிறேன். நார்வே இரண்டையும் வைத்திருக்கிறது. அங்கே எகோஃபிஸ்க் வயலைக் கண்டுபிடித்த கிணற்றின் பெயர் 2/4-2. கடற்பரப்பின் இரண்டாம் கட்டத்தில் நான்காம் தொகுதியில் இரண்டாவது கிணறு. அதற்குப் பக்கத்திலேயே எந்தப் பொருளும் இல்லாத ஒரு வரிசை எண்ணும் அரசின் பதிவேட்டில் உண்டு. பேச்சுக்குப் பெயர், இணைப்புக்கு எண். எண்ணுக்குள் பொருளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யனில் 2015 அக்டோபரிலிருந்து 2016 பிப்ரவரி வரை மீத்தேன் கக்கிய எஸ்எஸ்-25 கிணற்றையும் பார். 1950களில் எண்ணெய்க்காகத் தோண்டியது, 1970களில் எரிவாயுவைச் சேமிக்கும் கிணறாக மாறியது. எண்ணெய்க் கிணறு என்பதை யாராவது எண்ணுக்குள் எழுதி வைத்திருந்தால் இருபது ஆண்டில் அது பொய்யாகியிருக்கும்.

ஜிபிஎஸ் இருக்கும்போது எண் எதற்கு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதாதா என்று உன் தலைமுறை கேட்கும். போதாது. இன்று ஒரே தளத்தில் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் கிணறுகள் தோண்டுகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் 1927ஆம் ஆண்டின் அளவீட்டு அடிப்படையில் குறித்த புள்ளியை 1983ஆம் ஆண்டின் அடிப்படை என்று தவறாக எடுத்துக்கொண்டால் கிணறு பத்து முதல் நூறு மீட்டர் வரை நகர்ந்துவிடும். பக்கத்துக் கிணறு அதைவிட அருகில் அல்லவா இருக்கிறது! ஒரே வாயிலிருந்து பிரியும் இரண்டு துளைகளை ஆயத்தொலைவு பிரித்துக் காட்டவே காட்டாது. கணினியே ஒப்பிட்டுப் பொருத்திக்கொள்ளும் என்ற வாதமும் என்னிடம் செல்லாது. டெக்சஸில் எண்ணெய், எரிவாயுவைக் கண்காணிப்பது ரயில்ரோடு கமிஷன்; பெயரில்தான் ரயில், கையில் இருப்பது எண்ணெய். அங்கே எரிவாயு உற்பத்தியைக் கிணறு வாரியாகவும் எண்ணெய் உற்பத்தியைக் குத்தகை நிலம் வாரியாகவும் கணக்குக் கொடுக்கிறார்கள். ஒரு குத்தகையில் பல கிணறுகள் இருந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு தந்தது என்பது கணக்கில் எழுதப்படவே இல்லை. எழுதாததை எந்த மென்பொருள் கண்டுபிடிக்கும்? பகிர்ந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

பழைய பதிவுகளைத் திருத்தப் பணம் யார் தருவது என்பதுதான் எனக்குக் கடினமாகத் தோன்றும் எதிர்வாதம். பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 1859இல் டிரேக் எண்ணெய் எடுத்தபின், ஒரு நூற்றாண்டுக்கு நெருக்கமாக அந்த மாநிலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமலே தோண்டினார்கள். அமெரிக்கா முழுவதும் கைவிடப்பட்ட கிணறுகள் 30 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது. உரிமையாளர் இல்லாத கிணறுகளைக் கண்டுபிடித்து மூடுவதற்கு அங்கே 2021இல் வந்த ஒரு சட்டம் 470 கோடி டாலர் ஒதுக்கியது. அத்தனை காகிதத்தையும் திருத்த முடியாதுதான். ஆனால் ஒரே கிணறு இரண்டு பெயரில் பட்டியலில் ஏறினால் மூடும் குழு இல்லாத கிணற்றைத் தேடி அலையும்; இரண்டு கிணறுகளை ஒன்றாகப் பதிந்தால் ஒன்று என்றைக்கும் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே திருத்தும் வேலையை மூடப்போகும் கிணறுகளிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

உனக்கு நடைமுறையாக ஒன்று. கணினி விரிதாளில் இந்த எண்களை எப்போதும் எழுத்தாகவே சேமித்து வை. எண்ணாக வைத்தால் கலிபோர்னியாவின் 04 முன்சுழியத்தை இழந்து 4 ஆகிவிடும். 14 இலக்க எண் அடுக்குக்குறியாகச் சுருங்கிப்போகும். வேலையில் சேர்ந்ததும் கிணற்று எண் என்ற நிரலைத் திறந்து, பத்து இலக்கமும் பன்னிரண்டும் பதினான்கும் கலந்து கிடக்கின்றனவா என்று பார். பெரும்பாலும் கலந்துதான் கிடக்கும். நீளம் ஒன்றாக இருக்கட்டுமே என்று பத்து இலக்கத்தின் பின்னால் நான்கு சுழியத்தைச் சேர்த்துவிடாதே. சேர்த்தால், இந்தப் பதிவு முதல் துளையைப் பற்றியது என்று நீ சாட்சி சொன்னதாகிவிடும். அது உனக்குத் தெரியாது. மூல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு நிரப்பு. கிடைக்கும்வரை காலியாகவே விடு.

அன்புடன்,
உன் மாமா