பணம் வாங்கிக்கொண்டு எழுதலாமா?

கேள்வி: ஹேவ்லாக் தீவு விடுதிகளைப் புகழ்ந்து வலைப்பதிவு எழுதுகிறவர்கள் அதற்குப் பணம் வாங்குகிறார்களாமே, இது சரியா?
– வாசகர், ஷாதிபூர்

பதில்: பணம் வாங்குவது தவறில்லை, வாங்கியதை மறைப்பதுதான் தவறு. பத்திரிகைகளும் விளம்பரத்தை நம்பித்தானே நடக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே விளம்பரம் கட்டம் கட்டித் தனியாக வருகிறது. 2009 தேர்தலின்போது அந்தக் கட்டம் காணாமல் போனது. வேட்பாளர்கள் காசு கொடுத்த புகழுரைகள் செய்தியாகவே அச்சாயின. பிரஸ் கவுன்சில் விசாரிக்க வேண்டியதாயிற்று.

‘காசு வாங்கவில்லை, இரண்டு நாள் இலவசமாகத் தங்கினேன், அவ்வளவுதான்’ என்பார்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், இலவசத் தங்கலையும் பயணத்தையும் ஆதாயமாகவே கணக்கில் எடுக்கிறது. பதிவு எந்த மொழியிலோ அதே மொழியில், கண்ணில் படும்படி ‘விளம்பரம்’ என்று சொல்லியாக வேண்டும். இருபது ஹேஷ்டேக்குகளுக்கு அடியில் ஒளித்துவைத்தால் செல்லாது. மக்களைத் திசைதிருப்பும் விளம்பரம் என்று முடிவானால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ‘வெளியே சொன்னால் யார் நம்புவார்கள், பிழைப்பே போய்விடும்’ என்ற வாதமும் உண்டு. உண்மையைச் சொன்னதும் கலைந்துவிடும் நம்பிக்கை, வாசகரை ஏமாற்றிப் பெற்றதுதான். சேமிப்பையெல்லாம் செலவழித்து அந்தமானுக்கு வரும் குடும்பத்துக்கு, அந்தப் புகழ்ச்சிக்குக் கூலி கொடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். சந்தேகமான பதிவைக் கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தயங்காமல் புகார் செய்யுங்கள்.