மூன்று இடத்தில் எழுதுகிறோமே, கணினியில் மட்டும் ஏன் ஒரே இடம்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு கட்டியதும் நாம் என்ன செய்கிறோம்? உறுப்பினரின் பாஸ் புத்தகத்தில் எழுதுகிறோம். குழுவின் பேரேட்டில் எழுதுகிறோம். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கு கூட்டமைப்புக்கும் போகிறது. "ஒரே தொகையை எதுக்குக்கா மூணு இடத்துல எழுதணும்?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பது வழக்கம். மூத்த உறுப்பினர்கள் சொல்லும் பதிலும் நமக்குத் தெரியும்: "ஒண்ணக் கரையான் அரிச்சாலும் இன்னொண்ணு பேசும்."

இந்தப் பழக்கத்தை வீட்டுக் கணினிக்கும் கொண்டு போக வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடம். பிள்ளைகள் படிக்க வாங்கிய கணினி, அரசு கொடுத்த மடிக்கணினி என்று நம் வீடுகளில் இன்று ஏதோ ஒன்று இருக்கிறது. அதில் உள்ளது எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சகோதரிக்கு நடந்தது

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கிராமத்தில் நம் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். விடியுமுன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் சம்பங்கியும் எடுத்து, மாலை கட்டி, கல்யாண மண்டபங்களுக்குக் கொடுக்கிறார். முகூர்த்த நாட்களில் பாதி வியாபாரம் கடனில்தான் ஓடும். யார் எவ்வளவு பாக்கி என்பதை அவர் மகள் வீட்டுக் கணினியில் எழுதி வந்தாள். தேடாமல் கைக்குக் கிடைக்கட்டும் என்று முகப்புத் திரையிலேயே, அதாவது டெஸ்க்டாப்பிலேயே, வைத்திருந்தாள். இறந்துபோன அப்பாவின் படங்களும் அங்கேதான் இருந்தன.

ஒரு நாள் கணினி திறக்கவில்லை. பழுது பார்ப்பவர், "விண்டோஸ் போயிருச்சுக்கா. ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்றார். "சரி தம்பி, அடிங்க" என்று இவரும் சொல்லிவிட்டார். மறுநாள் கணினி புதிது போலத் திறந்தது. டி டிரைவில் இருந்த சினிமாவும் பாட்டும் பத்திரமாக இருந்தன. சி டிரைவில் இருந்த கணக்கும் படங்களும் போய்விட்டன.

மண்டபம் மண்டபமாகப் போய் அவர் பாக்கி கேட்டார். நல்ல மனசுக்காரர்கள் கொடுத்தார்கள். சிலர், "அதெல்லாம் அப்பவே குடுத்தாச்சேம்மா" என்று சொல்லிவிட்டார்கள். காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் நம் குழுவில் அவர் வாங்கிய கடன் கணக்கில் ஒரு பைசா குழப்பம் வரவில்லை. அது மூன்று இடத்தில் இருந்தது.

பழுது பார்த்தவர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எது எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சி டிரைவ், டி டிரைவ் – எது என்ன?

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் பாத்திரமும் ஒரு பக்கம்; அரிசியும் பருப்பும் ஒரு பக்கம். கணினியை இயக்குகிற விண்டோஸ், தமிழ் தட்டச்சு, பிரிண்டருக்கான மென்பொருள் எல்லாம் அடுப்பும் பாத்திரமும் மாதிரி. இவை சி டிரைவில் இருக்கும். அடுப்பு கெட்டால் வேறு அடுப்பு வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸையும் திரும்பப் போடலாம்.

நாம் எழுதிய கணக்கு, பிள்ளைகளின் பாடம், குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் – இவைதான் அரிசி. இவற்றை டேட்டா என்கிறார்கள். நம் வீட்டுக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு இடங்களும் வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. சி டிரைவை ஃபார்மட் செய்தால் இவையும் சேர்ந்து அழியும். அந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான்.

"அப்ப எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்திட்டாப் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. பல வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கில் தடுத்த இரண்டு அறைகள். ஃபார்மட் செய்யும்போது ஓர் அறை தப்பிக்கும். ஹார்ட் டிஸ்கே கெட்டுப்போனால் கூரை இடிந்த மாதிரி, இரண்டு அறையும் போகும். விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைப்போமா? நகல் என்பது கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். இதைத்தான் பேக்கப் என்கிறார்கள்.

குழந்தை பெற்ற தாய் காப்பாற்றிய படம்

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்காவில் பிக்சார் என்ற நிறுவனம் பொம்மைகள் பேசி நடிக்கும் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1998-ல் யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்துவிட்டது. நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தார்கள். நகல் எடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

அங்கே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் நகல் ஒன்றைத் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, குலுங்காமல் காரில் நிறுவனத்துக்கு எடுத்து வந்தார்கள். படம் 1999-ல் வெளியானது. இதில் நமக்கு இரண்டு பாடம்: நகல் வேறு வீட்டில் இருக்க வேண்டும்; எடுத்த நகலைத் திறந்து பார்க்க வேண்டும்.

வேறு வீட்டில் ஏன்?

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது வீடுகளில் இருந்த சான்றிதழ்கள் நனைந்து போயின. அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. அவற்றின் பதிவு அலுவலகங்களில் இருந்ததால் அது முடிந்தது. நம் பூக் கணக்குக்கும் கல்யாணப் படத்துக்கும் எந்த அலுவலகத்தில் பதிவு இருக்கிறது? 2024 அக்டோபரில் மதுரையிலும் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் மழைத் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

எனவே மூன்று–இரண்டு–ஒன்று என்று நினைவில் வையுங்கள். மூன்று படி: கணினியில் உள்ளது ஒன்று, நகல் இரண்டு. இரண்டு விதமான இடம்: உதாரணமாக ஹார்ட் டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று. அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. பாஸ் புத்தகம், பேரேடு, கூட்டமைப்பு என்று நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

செய்முறை 1: டேட்டாவை நகல் எடுத்தல்

1. தனியாக விற்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பென் டிரைவ் அவசரத்துக்கு உதவும். ஆனால் சின்னதாக இருப்பதால் தொலைந்துபோகும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

2. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், டி டிரைவ் ஐந்தையும் திறந்து, வேண்டியது எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. வெளி டிஸ்கைக் கணினியில் செருகி, அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து காப்பி கொடுத்து, அந்த ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். கட் கொடுக்காதீர்கள். கட் கொடுத்தால் பொருள் இடம் மாறுமே தவிர இரண்டாகாது.

4. முடிந்ததும் டிஸ்கில் உள்ள ஒரு கணக்கு, ஒரு படம், ஒரு சான்றிதழைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.

5. சட்டென்று பிடுங்காமல், 'இஜெக்ட்' கொடுத்த பிறகு கழற்றுங்கள்.

6. கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். எப்போதும் கணினியிலேயே செருகி வைக்க வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளில் புகுந்து, உள்ளே இருந்ததைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் அந்த நேரத்தில் செருகியிருக்கும் டிஸ்கையும் பூட்டிவிடும். கழற்றி வைத்த டிஸ்கை அவற்றால் தொட முடியாது.

இரண்டாவது நகலுக்கு இணையச் சேமிப்பு உதவும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி வரை இலவசம். மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்ளேயே அடங்கும். கணக்கும் சான்றிதழும் வைக்க இது போதும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கணினியோடு இணைத்து வைக்கும் முறையில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஆகவே வெளி டிஸ்கை விட்டுவிடக் கூடாது.

செய்முறை 2: சிஸ்டத்தை நகல் எடுத்தல்

விண்டோஸையும் மென்பொருளையும் திரும்பப் போடுவது ஒரு நாள் வேலை, செலவும் உண்டு. கணினி நன்றாக ஓடும்போதே சி டிரைவ் முழுவதையும் அப்படியே ஒரு படம் பிடித்தது போல நகல் எடுத்து வைக்கலாம். இதற்கு சிஸ்டம் இமேஜ் என்று பெயர்.

கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்று இருக்கும். அதில் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்பதை அழுத்தி, வெளி ஹார்ட் டிஸ்கைக் காட்டினால் போதும். இதைப் பென் டிரைவில் எடுக்க முடியாது. கணினி திறக்காதபோது உள்ளே நுழைய ஒரு சாவி வேண்டுமல்லவா? அதற்கு 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடி, ஒரு காலிப் பென் டிரைவில் தயாரித்து வையுங்கள். அதில் முன்பு இருந்தது எல்லாம் அழியும், ஜாக்கிரதை.

சிஸ்டம் இமேஜைத் திரும்பப் போடும்போது, நகல் எடுத்த நாளில் சி டிரைவ் எப்படி இருந்ததோ அப்படி ஆகும். அதற்குப் பிறகு எழுதியது அதில் இராது. ஆகவே சிஸ்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்; டேட்டாவை மாதம் தவறாமல் எடுக்க வேண்டும். தினமும் கணக்கு எழுதுபவர்கள் வாரம் ஒருமுறை எடுங்கள். முதலில் டேட்டா, அப்புறம் சிஸ்டம். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டேட்டாவை எடுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும் முன்

"தம்பி, ஃபார்மட் அடிச்சா எந்த டிரைவ் போகும்? டெஸ்க்டாப்புல இருக்கிறத முதல்ல எடுத்துக் குடுப்பீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்கள். கணினி திறக்காவிட்டாலும் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால், அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்க வழி உண்டு. டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள். தவறி எதையாவது அழித்துவிட்டால், அந்தக் கணினியில் புதிதாக எதையும் ஏற்றாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆதார், வங்கி விவரம் உள்ள டிஸ்கை நகை மாதிரி பூட்டி வையுங்கள். அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ நம்பிக்கையான இடத்தில் கொடுத்து வைக்கலாம். ரகசிய எண்களைக் கணினியில் எழுதி வைக்காதீர்கள்.

அந்தச் சகோதரி இப்போது

கூட்ட நாளன்று அவர் மகள் நகல் எடுக்கிறாள். டிஸ்க் அவருடைய மதினி வீட்டு பீரோவில் இருக்கிறது. பாக்கிக் கணக்கை ஒரு நோட்டிலும் எழுதுகிறார்கள். அப்பாவின் படங்களில் இரண்டு மட்டும் ஒரு சொந்தக்காரரின் போனில் கிடைத்தன. மற்றவை கிடைக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் கணினி இருக்கிறது? அதில் திரும்பக் கிடைக்காத பொருள் எது?

2. கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? திறந்து பார்த்தோமா?

3. நகல் எந்த வீட்டில் இருக்கிறது?

4. நகல் எடுக்கத் தெரிந்த பிள்ளை யார்? மற்றவர்களுக்குக் கற்றுத்தர ஒரு நாள் ஒதுக்கலாமா?

நான்காவது கேள்விக்கு நீங்கள் நாள் குறித்தால் நாங்களும் வருகிறோம். வரும்போது உங்கள் டிஸ்கோடு வாருங்கள்.