கூறுகளின் ஒழுங்கு: "முன்", "பின்" விதிகள்

வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் போய்ப் பார்த்திருந்தால் இப்பாடத்தின் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். கொழுந்து முதலில் வாட்டப்படும். அடுத்து உருட்டல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் என்பன நடைபெறும். உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து, சாறு வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுறும். இதையே நொதித்தல் என்கிறோம். உலர்த்தும் வெப்பம் அதை நிறுத்திவிடும். ஆகவே நொதிக்க முன் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை கிடைக்காது. இயந்திரங்கள் அவையேதான், ஒழுங்கு மாறினால் விளைவும் மாறும்.

1. ஒழுங்கைக் குறிக்கும் இரு முறைகள்

மென்பொருட் சட்டகம் என்பது பலர் தனித்தனியே எழுதும் கூறுகளைப் பொருத்தி இயக்கத்தக்க ஆயத்தமான அடித்தளமாகும். எக்கூறு முதலில் இயங்கும் என்பதை இரு முறைகளில் குறிக்கலாம்.

அ) இலக்கமிடல்: 1, 2, 3 என எழுதுதல். 1 இற்கும் 2 இற்கும் இடையே புதிய கூறு வந்தால், பின்னுள்ள இலக்கங்கள் யாவும் மாறவேண்டும்.

ஆ) சார்பு ஒழுங்கு: "நான் இன்ன கூறுக்கு முன்", "இன்ன கூறுக்குப் பின்" எனக் கூறுதல். புதிய கூறு வந்தாலும் மற்றவற்றைத் தொடத் தேவையில்லை.

2. இலங்கை உதாரணம்

இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ்2 சட்டகத்தை உருவாக்கியதில் இலங்கைப் பொறியியலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதன் 1.0 பதிப்பு 2006 இல் வெளியானது. அதற்குள் வரும் செய்தி பல கட்டங்களைக் கடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் "கையாளிகள்" எனும் கூறுகள் இருக்கும். கையாளி தன் இடத்தை நான்கு விதிகளால் கூறலாம்: இன்னதற்கு முன், இன்னதற்குப் பின், கட்டத்தில் முதலாவது, கட்டத்தில் இறுதி.

இது ஏன் முக்கியம்? பணம் மாற்றும் சேவை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சேவை முதலில் இயங்கி, கையொப்பம் சரிபார்த்தல் பின்னர் நடந்தால், காசு போன பிறகே செய்தி போலி என்பது தெரியவரும்.

3. ஒழுங்கைக் கண்டறிதல்

ஆதர் கான் 1962 இல் வெளியிட்ட முறை பின்வருமாறு:

படி 1: தனக்கு முன் எதுவும் வரவேண்டியிராத கூறு ஒன்றைத் தெரிந்து எழுதுக.
படி 2: அதைப் பட்டியலிலிருந்து நீக்குக.
படி 3: கூறுகள் முடியும்வரை மீளச் செய்க.

கூறுகள் மீதமிருந்தும் படி 1 இல் எதையும் தெரிய முடியாவிடின், விதிகளில் வட்டம் உண்டு. அப்போது சரியான ஒழுங்கு இல்லை.

மாதிரி வினா

ம – மறைகுறி நீக்கி, ச – சரிபார்ப்பான், ப – பதிவாளன், சே – சேவை.
விதிகள்: ச இற்கு முன் ம; ப இற்கு முன் ம; சே இற்கு முன் ச உம் ப உம்.

(i) சரியான ஒழுங்குகள் யாவற்றையும் எழுதுக.
(ii) "ம இற்கு முன் சே" என்ற விதியையும் சேர்த்தால் என்ன நிகழும்?

விடை

(i) ம, ச, ப, சே. ம, ப, ச, சே.
(ii) ம, ச, சே, ம என வட்டம் உண்டாகும். ஒழுங்கு எதுவும் கிடையாது.

கவனிக்க: ச, ப இரண்டுக்குமிடையே விதி இல்லை. எனவேதான் இரு விடைகள். ஒன்றை எழுதியதும் பேனையை வைத்துவிடாதீர்கள். எந்தச் சோடிக்கு விதி தரப்படவில்லை என்று மீண்டும் பாருங்கள்.