கடைமடை வரை

நுழையும்முன்
வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் நிதியுதவி அளிக்கின்றன. அளித்த தொகை செய்தியாகிறது. அது சென்று சேர்ந்ததா என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. உதவி பெறவேண்டியவர் தமக்கு உரியது எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளும்போது என்ன நிகழ்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

அணையில் திறந்துவிடப்பட்ட நீரின் அளவை நாளிதழைப் பார்த்து எவரும் சொல்லிவிடலாம். கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்தது என்பதை அந்த வயலுக்கு உரியவர்தாம் சொல்லமுடியும். ஆனால், தம் பங்கு எவ்வளவு என்பதே அவருக்குத் தெரியாதிருந்தால், வந்தது குறைவு என்றுகூட அவரால் சொல்ல இயலாது. பன்னாட்டு உதவியின் நெடுநாள் சிக்கல் இதுவே. இதனை முதன்முதலில் எண்களால் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் நடைபெற்றது.

உகாண்டாவின் புதிர்

விக்டோரியா ஏரிக் கரையில் அமைந்த உகாண்டா, 1971 முதல் 1979 வரை இடி அமீனின் கொடுங்கோலாட்சியிலும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரிலும் சிதைந்தது. 1986இல் புதிய அரசு அமைந்தபின், வெளிநாட்டு உதவியுடன் மறுகட்டமைப்புப் பணிகள் தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் கல்விக்கான ஒதுக்கீடு கணிசமாக உயர்ந்தது. எனினும், அரசின் புள்ளிவிவரங்களில் தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை உயரவே இல்லை. பணம் கூடியும் பிள்ளைகள் கூடவில்லை என்றால், இடையில் என்ன நடந்தது?

வழக்கமான தணிக்கை அமைச்சகத்தின் கணக்கேடுகளோடு நின்றுவிடும். 1996இல் உலக வங்கியின் பொருளியல் அறிஞர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தனர். நடுவண் அரசின் கருவூலத்திலிருந்து புறப்பட்ட பணத்தை, மாவட்ட அலுவலகங்களின் வழியாகப் பள்ளி வரை பின்தொடர்ந்தனர். 18 மாவட்டங்களில் 250 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்று, பள்ளிப் பதிவேடுகளில் வரவு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தனர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம் 1991 முதல் 1995 வரை.

மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு ஒரு மானியம் ஒதுக்கப்பட்டிருந்தது. புத்தகம், சுண்ணக்கட்டி போன்ற ஊதியம் அல்லாத செலவுகளுக்கு உரியது அது. அதில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளை அடைந்திருந்தது. நூறு சில்லிங்கு புறப்பட்டால் பதின்மூன்று சில்லிங்கு வந்து சேர்ந்தது. இது சராசரிதான், பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. எஞ்சிய பணத்தை மாவட்ட அளவில் இருந்தோர் வேறு செலவுகளுக்குத் திருப்பினர். தமக்கென எடுத்துக்கொண்டதும் உண்டு. வகுப்பறையை நடத்தும் சுமையில் பெரும்பகுதி பெற்றோரின் தலையில் விழுந்தது.

மாணவர் எண்ணிக்கை பற்றிய புதிரும் அப்போது அவிழ்ந்தது. பள்ளிப் பதிவேடுகளின்படி மாணவர்கள் உண்மையில் பெருகியிருந்தனர். அரசின் புள்ளிவிவரம் அதனைக் காட்டவில்லை. பணம் கீழே போய்ச் சேராதது போலவே, உண்மை மேலே போய்ச் சேரவில்லை.

ஆய்வின் மற்றொரு செய்தி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆசிரியர் ஊதியத்தில் இத்தகைய பெருங்கசிவு இல்லை. தமக்குரிய ஊதியம் எவ்வளவு என்பதை ஆசிரியர் அறிவார், வராவிட்டால் கேட்பார். பள்ளி மானியத்தின் நிலை அவ்வாறில்லை. அப்படியொரு மானியம் இருப்பதையே பெற்றோர் பலர் அறியார். வசதியுடைய மக்கள் வாழும் பகுதிகளின் பள்ளிகள், ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் பள்ளிகளைவிட மிகுதியாகப் பெற்றன. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது. மிகுந்த தேவை உடையவர் வெறுங்கையுடன் நின்றனர்.

சுவரில் ஒட்டப்பட்ட தாள்

ஆய்வு முடிவுகளைக் கண்ட உகாண்டா அரசு அவற்றை மூடி மறைக்கவில்லை. இதனைத் தனியே குறிப்பிடவேண்டும். தமக்குப் பெருமை தராத எண்களை வெளியிடும் துணிவு எல்லா அரசுகளுக்கும் வாய்ப்பதில்லை. மாவட்டங்களுக்கு அனுப்பப்படும் மானியத் தொகைகள் மாதந்தோறும் நாளிதழ்களில் அச்சிடப்பட்டன. ஆங்கில இதழ்களில் மட்டுமன்றி, உள்ளூர் மொழி இதழ்களிலும் அவை வெளிவந்தன. தமக்கு வந்த தொகையை எல்லாரும் காணும் இடத்தில் எழுதி ஒட்டவேண்டும் என்று பள்ளிகளும் பணிக்கப்பட்டன.

1997இல் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில், ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் வரை கட்டணமின்றிப் பயிலலாம் என்பது விதி. ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஓராண்டிலேயே 50 இலட்சத்தைக் கடந்தது. பெற்றோரிடம் பெற்றுவந்த கட்டணம் நின்றபின், மானியமும் வராவிட்டால் பள்ளி எதைக்கொண்டு நடக்கும்? கசிவை அடைக்கவேண்டிய நெருக்கடி அப்போது உச்சத்தை அடைந்தது.

2001ஆம் ஆண்டளவில், மானியத்தில் 80 விழுக்காட்டிற்கும் மேலாகப் பள்ளிகளை அடைந்தது என மறு ஆய்வு காட்டியது. ரித்வா ரெய்னிக்கா, ஜேக்கப் ஸ்வென்சன் ஆகிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தை நுணுகி ஆராய்ந்தனர். நாளிதழ் விற்கும் இடத்திற்கு அருகிலிருந்த பள்ளிகளில் மானியம் மிகுதியாக வந்து சேர்ந்திருந்தது. அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் மானியத்தின் விதிகளையும் அது விடுவிக்கப்படும் காலத்தையும் மற்றவர்களைவிட நன்கு அறிந்திருந்தனர்.

நாளிதழே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று இதனைப் பலர் பரப்பினர். பால் ஹப்பார்டு என்னும் ஆய்வாளர் 2007இல் அக்கருத்தை மறுத்து எழுதினார். அதே காலத்தில் நிதி நிருவாகத்தில் வேறு பல சீர்திருத்தங்களும் நிகழ்ந்தன. மானியத் தொகையும் பன்மடங்கு உயர்ந்தது. ஆகவே விழுக்காட்டை மட்டும் வைத்து வெற்றியை அளக்கலாகாது என்பது அவர் வாதம். இது ஏற்கத்தக்கதே. மேலிருந்து அரசு கண்காணிக்காவிடில் கீழிருந்து எழும் கேள்விக்கு விடை இராது. ஆயினும், கேள்வி எழுவதற்கே எண்ணிக்கை தெரியவேண்டும் என்பதை அவருடைய மறுப்பு தகர்க்கவில்லை.

நாளிதழிலிருந்து இணையத்திற்கு

உகாண்டாவில் மறைந்திருந்தது உள்நாட்டுக் கணக்கு. பன்னாட்டு உதவியிலோ கொடுப்போர் பலர், கணக்குகளும் பல. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், உலகெங்கிலுமிருந்து ஏறத்தாழ 1,350 கோடி டாலர் உதவியாகத் திரண்டது. எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன செய்கிறது என்பதை ஒன்றையொன்று அறியாமையால், இந்தோனேசியா, இலங்கை, தமிழகக் கடலோரங்களில் சில ஊர்களுக்குத் தேவைக்கு மேல் படகுகள் வந்து குவிந்தன. அவற்றுள் கடலுக்கு ஏற்றவையல்லாத படகுகளும் இருந்தன. படகே இல்லாமல் கூலிக்கு மீன்பிடித்தவரும் மீன் விற்று வாழ்ந்த பெண்களும் பல இடங்களில் பின்தங்கினர்.

கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் 2005 மார்ச்சில் பாரிஸில் கூடி, உதவியின் பயனை உயர்த்துவதற்கான பிரகடனத்தை ஏற்றன. வளர்ச்சித் திட்டங்களைப் பெறும் நாடே வகுக்கவேண்டும், கொடுப்போர் தமக்குள் ஒருங்கிணையவேண்டும், இரு தரப்பினரும் ஒருவருக்கொருவர் பொறுப்புக் கூறவேண்டும் என்பன அதன் கொள்கைகளுள் சில. 2008இல் கானாவின் தலைநகர் அக்ராவில் நடைபெற்ற மாநாட்டில், பன்னாட்டு உதவி வெளிப்படைத்தன்மை முன்முயற்சி தொடங்கப்பட்டது. யார், யாருக்கு, எதற்காக, எவ்வளவு, எப்போது அளித்தனர் என்பதைப் பொதுவான ஒரே வடிவத்தில் இணையத்தில் வெளியிடுவதே அதன் நோக்கம். இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட அமைப்புகள் அவ்வாறு வெளியிடுகின்றன. 2010 ஏப்ரலில் உலக வங்கியும் தன் புள்ளிவிவரத் தொகுப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்
சீனா தான் அளிக்கும் கடன், உதவி ஆகியவற்றின் விவரங்களைத் திட்டவாரியாக வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் எய்ட்டேட்டா ஆய்வகம், பெறும் நாடுகளின் ஆவணங்களையும் செய்திகளையும் பிற சான்றுகளையும் ஒன்றுதிரட்டி, 2000 முதல் 2017 வரை 165 நாடுகளில் 84,300 கோடி டாலர் மதிப்புள்ள 13,427 சீனத் திட்டங்களைப் பட்டியலிட்டு 2021இல் வெளியிட்டது. கொடுப்பவர் சொல்லாததைப் பெற்ற இடங்களிலிருந்து தேடித் தொகுக்க இயலும் என்பதற்கு இது சான்று.

யாருக்குத் திறந்த கதவு?

இத்தகைய தரவுத்தளங்கள் ஆய்வாளருக்கும் இதழாளருக்கும் பெருந்துணை. ஆனால், கடைமடையில் இருப்பவருக்கு? பெரும்பாலான பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளன. பணம் முதல் அமைப்பிற்கோ இரண்டாம் அமைப்பிற்கோ சென்றதைக் காட்டி நின்றுவிடும் பதிவுகள் பல. எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்குச் சேர்ந்தது என்பது அவற்றில் இராது. உகாண்டாவில் பள்ளிச் சுவரில் ஒட்டிய ஒற்றைத் தாள் சொன்ன செய்தியை இலட்சக்கணக்கான பதிவுகள் சொல்லாமற்போவது வியப்பன்று. அந்தத் தாள் அதைப் படிக்கவேண்டியவருக்காகவே எழுதப்பட்டது.

2010 சனவரி 12 அன்று ஹைட்டி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு அப்போது விரிவான இணைய நிலப்படம் இல்லை. செயற்கைக்கோள் படங்கள் திறந்துவிடப்பட்டதும், உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் திறந்த நிலப்படத்தில் அந்நகரின் தெருக்களை ஒவ்வொன்றாக வரைந்தனர். சில நாள்களிலேயே மீட்புக் குழுக்கள் அதனைக் கையில் வைத்துத் தேடும் நிலை உருவானது. இணையத்தின் ஆற்றலுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

அதே ஹைட்டியில், உதவி அமைப்புகளின் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தின் அருகே ஐக்கிய நாடுகள் அவையின் வளாகத்திற்குள் நடைபெற்றன. அக்கூட்டங்கள் பலவற்றில் பேசப்பட்ட மொழி ஆங்கிலம். ஹைட்டி மக்கள் பேசுவது கிரியோல் மொழி. ஆட்சியில் பிரெஞ்சும் வழங்குகிறது. தம் ஊரைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்ட அறைக்குள் உள்ளூர் அமைப்பினர் பலரால் நுழையவும் முடியவில்லை. நுழைந்தோருள் பலருக்குப் பேச்சு விளங்கவுமில்லை. தொலைதூர நாட்டில் அமர்ந்திருந்த ஒருவர் அந்நகரின் தெருவை வரைய முடிந்தது. அந்தத் தெருவில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தவருக்கோ, அடுத்த குடிநீர் வண்டி எப்போது வரும் என்பதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

கற்பவை கற்றபின்...

பள்ளிக்கு அரசு ஆண்டுதோறும் வழங்கும் மானியத் தொகை, அது செலவிடப்பட்ட முறை ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவினரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் அறிவிப்புப் பலகைக்கு எழுதுக. படிப்பவர் மாணவரின் பெற்றோர் என்பதை மனத்திற்கொண்டு சொற்களைத் தேர்க.

பன்னாட்டு உதவித் திட்டம் ஒன்றின் பதிவை இணையத்தில் கண்டு, பணம் எந்த அமைப்பு வரை சென்றதாக அது காட்டுகிறது என்பதையும் அதன்பின் விடப்பட்டுள்ள வினாக்களையும் வகுப்பில் கலந்துரையாடுக.