பூங்காவுக்காகப் பேசப் போகிறீர்களா?

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு 6 நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் இதற்குப் பதில் பகுதி சபை உண்டு. பூங்காவுக்கான கோரிக்கையை இந்தக் கூட்டங்களில் வைக்கலாம்.

"பூங்காவைச் சீரமையுங்கள்" என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கூட்டத்துக்கு முந்தைய வாரமே காலை, மாலை, இருட்டிய பிறகு என மூன்று வேளை போய்ப் பாருங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சறுக்குமரத்தில் தகரம் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று இடம் குறித்து எழுதுங்கள்.

பூங்காவுக்கு வராதவர்களையும் கேளுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் வாசல் படியைச் சொல்வார், பள்ளி மாணவி இருட்டு மூலையைச் சொல்வாள்.

கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அதையே கேளுங்கள்.